அறுவைக்கு அஞ்சுதல்

உடம்பு உயிர்க்கு உறவோ பகையோ என்னும் வினா சைவசித்தாந்தம் பயில்வார்க்குப் புதிதன்று. ஆணவ மலத்தான் மறைப்புண்டு கிடந்த உயிர் அறிவு விளங்கப்பெறுதற்பொருட்டே தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் இறைவனாற் கூட்டப்பட்டன என்பது நூற்றுணிபு. ஆயின், துணையாகக் கொடுக்கப்பட்ட அவ்வுடம்பே சுமையாய்விட்டவிடத்து, அதனை அரிந்து திருத்திக்கொள்ளுதல் தக்கதோ, வினைப்பயனென்று பொறுத்திருத்தல் தக்கதோ என்னும் ஐயம் இந்நாளிற் பல குடும்பங்களில் எழுகின்றது.

இவ்வையத்தை எம்மிடம் கொணர்ந்தவர் இராசபாளையத்து நூற்பாலையொன்றிற் கணக்கெழுதும் அன்பர் ஒருவர். அவர்க்கு வயது 44. உயரம் 165 சென்டிமீட்டர். எடை 118 கிலோ. பத்தாண்டாக நீரிழிவு உண்டு. இரத்தக் கொதிப்பும் உண்டு. இரவில் உறக்கத்திடையே மூச்சுத் தடைப்பட்டுத் திடுக்கிட்டெழுகின்றார். உணவைக் குறைத்தும் நாடோறும் நடந்தும் மும்முறை எடையைக் குறைத்தார். மும்முறையும் குறைந்தது மீண்டும் ஏறிற்று. மதுரையில் மருத்துவர் இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சையே இனிச் செய்யத்தக்கது என்றனர். திருவில்லிபுத்தூரிலிருக்கும் அன்னையாரோ, "சாமி கொடுத்த வயிற்றிலே கத்தி வைக்கலாமா, ராசா?" என்று கண்ணீர் விடுகின்றார். அன்பர் ஈராண்டாக உடன்படவுமில்லை, மறுக்கவுமில்லை. "அச்சமே தடை, இவ்வச்சம் இறைவன் தரும் எச்சரிக்கையா, எனது கோழைமையா?" என்பது அவர் வினா.

நோயின் அளவும் உடலின் ஆற்றலும் பற்றிய தீர்ப்பு மருத்துவர்க்குரியது. சமயநெறி நிற்பானொருவன் தன்னுள்ளே தீர்த்துக்கொள்ள வேண்டிய பகுதி வேறுண்டு. அதுவே ஈண்டு எமது ஆராய்ச்சிக்குப் பொருளாம்.

முதற்கண், செய்யப்படுவது யாதென அறிதல் வேண்டும். அறியாத பொருளின்மேற் செல்லும் அச்சத்துக்கு எல்லையில்லை. இந்நாளிற் பெருவழக்காகச் செய்யப்படுவன இரண்டு முறை. ஒன்று, இரைப்பையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு கூற்றை அரிந்து நீக்கி, எஞ்சியதை ஒரு குழாய்போல் ஆக்குவது. மற்றொன்று, இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைத்து, உணவு குடலின் முற்பகுதியைக் கடவாமற் செல்லச் செய்வது. இதனை அமெரிக்க நாட்டு அயோவாவில் எட்வர்டு மேசன் என்பார் 1966-இல் தொடங்கினர். இன்று இவை பெரும்பாலும் வயிற்றைப் பெரிதாகத் திறவாமல், சிறு துளைகளின் வழியே செய்யப்படுகின்றன. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் குறியீட்டெண் 35 அல்லது அதற்கு மேலாயின் இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கலாமென்றும், ஆசிய மக்கட்கு 27.5 முதலே இதனை ஆராயலாமென்றும் இத்துறைச் சங்கங்கள் 2022-இல் நெறி வகுத்தன. நம் அன்பர்க்கு அவ்வெண் 43. ஆதலின் இஃது அழகின்பொருட்டு எழுந்த வேட்கையன்று. நோய் தீர்தற்பொருட்டு எழுந்த வினா என்பது தெளிவு.

இனி, வினை பற்றிய தடையை ஆராய்வாம். 'இந்நோய் பிராரத்தம், நுகர்ந்தே தீரவேண்டுவது, இதனை அறுத்தெறிய முயல்வது இறைவன் ஆணையோடு மாறுபடுவதாம்' என்பர் சிலர். இக்கூற்று ஆராயாதார்க்குப் பத்திபோலத் தோன்றும். பசியும் பிராரத்தமே, அதுபற்றி உண்ணாதிருப்பார் இலர். இருளும் வெயிலும் வினைவழி வருவனவே. விளக்கேற்றுதலையும் குடைபிடித்தலையும் குற்றமென்பார் இலர். கொங்குநாட்டுத் திருச்செங்கோட்டில் அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியகாலத்துத் திருஞானசம்பந்தப் பெருமான் அருளியது திருநீலகண்டத் திருப்பதிகம். முன்செய்ததன் பயனே இதுவென்று அறிந்துவைத்தும், அதனினின்று பிழைக்கும் வழியைத் தேடாது வாளாவிருப்பது குறையே என்னும் கருத்துப்பட அப்பெருமான் ஆண்டு அருளிச்செய்தனர். வினைக்கொள்கையை நிலைநிறுத்திய ஆசிரியரே வினையைச் சாக்கிட்டுச் சோம்பியிருத்தலை விலக்கினராயின், நாம் அதனைப் பத்தியென்று கொள்ளுதல் யாங்ஙனம் பொருந்தும்? நோய் வினைவழி வந்ததேல், மருந்தும் மருத்துவனும் எதிர்ப்படுதலும் வினைவழியே என்க. அறுவையாலாம் நோவும் நுகர்ச்சியுள் அடங்குவதேயாம்.

அன்னையார் கூறும் தடை இதனினும் மென்மையானது. திருவில்லிபுத்தூர் மடவார்வளாகத்தில் எழுந்தருளியிருக்கும் பெருமானுக்கு வைத்தியநாதர் என்பது திருநாமம். திருமலை நாயக்க மன்னர்க்கு உற்ற தீராத வயிற்றுநோய் அச்சந்நிதியில் நீங்கிற்றென்று அத்தலத்தார் வழிவழியாகக் கூறுவர். 'மன்னன் வயிற்றைக் கத்தியின்றித் தீர்த்த பெருமான் என் மகன் வயிற்றைத் தீர்க்கமாட்டானா?' என்பது தாயின் ஏக்கம். அவ்வேக்கத்தை எள்ளுதல் தகாது. ஆயினும், அருள் ஒரு வழியானே வரவேண்டுமென்று வரையறுக்க நமக்கு உரிமை இல்லை. திருநாவுக்கரசர்க்குச் சூலை நீங்கியது திருநீற்றால். திருக்காளத்தியில் தம் பெருமான் கண்ணிற் குருதி கண்ட கண்ணப்பர் முதலிற் பச்சிலை தேடிப் பிழிந்தனர். அது பயன்படாமை கண்ட பின்னரே அம்பினால் தம் கண்ணை அகழ்ந்தனர். இரண்டும் அன்பின் வழியே. மென்மையான மருந்து முன்னும், கடுமையான மருந்து பின்னும் ஆதல் முறை என்பதும் கண்ணப்பர் செய்கையினின்று நாம் கொள்ளத்தக்கதொன்றாம்.

இதனை அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரிற் காட்டிய உவமை நன்கு விளக்கும். மருத்துவன் சில நோயை அறுத்தும் கீறியும் தீர்ப்பன். சில நோயைச் சர்க்கரையும் பாலுமாக இனியன கொடுத்துத் தீர்ப்பன். அதுபோல இறைவனும் துன்பத்தானும் இன்பத்தானும் வினையைக் கழிப்பன் என்பது அதன் கருத்து. அறுத்தல் ஈண்டுக் கருணையின் செயலாகவே கூறப்பட்டமை காண்க. அவ்வுவமையின் இருபகுதியும் இவ்விரண்டு ஊர்களிலும் கண்கூடாக உள்ளன. திருவில்லிபுத்தூரிற் பாலும் சர்க்கரையும் சேரக் காய்ச்சி ஆக்கும் பால்கோவா 2019-இற் புவிசார் குறியீடு பெற்றது. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிகள் நெய்வது புண்ணுக்கும் அறுவைக்கும் வேண்டும் கட்டுத்துணி. இனிப்பு எக்காலும் அருள் என்றும், கட்டுத்துணி எக்காலும் கேடு என்றும் கொள்ளுதல் பேதைமை. நீரிழிவாளனுக்கு அவ்வினிப்பே நஞ்சாதல் அன்னையாரும் அறிவர்.

மற்றொரு தடை, 'வாயைக் கட்டினால் வயிறு தானே அடங்கும், அறுவை ஏன்?' என்பது. உண்டி சுருங்குதல் நல்லொழுக்கமென்பதில் எமக்கு ஐயமில்லை. செரித்தமை அறிந்து அளவோடு உண்பார்க்கு நோய் அணுகாதென்பது வள்ளுவனார் நெறி. ஆயினும், பெரும்பருமன் முற்றிய உடம்பு தன் எடையைத் தானே காத்துக்கொள்ள முயல்கின்றது என்பது இந்நாளை ஆராய்ச்சி கண்ட உண்மை. இரைப்பையிற் பெரிதும் சுரந்து பசியை எழுப்பும் கிரெலின் என்னும் பொருளை ஜப்பான் நாட்டறிஞர் 1999-இற் கண்டறிந்தனர். உணவைக் குறைத்து எடை இழந்தாரிடத்து ஓராண்டு கழிந்த பின்னும் அச்சுரப்பு மிகுந்தே நின்றமையை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் 2011-இல் எடுத்துக்காட்டினர். ஆகவே மும்முறை குறைத்து மும்முறை தோற்றானை நாவடக்கமில்லாதவன் என்றிகழ்தல் அறிவுமன்று; அறமுமன்று. அறுவை இரைப்பையின் கொள்ளளவைக் குறைப்பதோடு இச்சுரப்புக்களின் போக்கையும் மாற்றுதலின், பசியோடு போராடுவான் தோள்மேலிருந்த சுமை ஓரளவு இறங்குகின்றது. கருவி திருந்துகின்றது, ஆயின் கருவியைச் செலுத்துவோன் உயிரே. அறுவைக்குப் பின்னரும் சிறுகச் சிறுக உண்ணுதலும், இரும்புச்சத்து, கால்சியம், பி12 முதலிய உயிர்ச்சத்துக்களை வாழ்நாள் முழுதும் கொள்ளுதலும், குருதியைக் காலந்தோறும் சோதித்தலும் அவன் கடன். அக்கடனை மறந்தார்க்கு எடை மீளுதலும் உண்டு. எடைகுறைக்கும் புதிய ஊசிமருந்துகளும் 2025-இல் இந்நாட்டில் விற்பனைக்கு வந்தன; அவற்றை நிறுத்தியபின் எடை பெரும்பாலும் திரும்புகின்றது. கத்திக்கு முன் இவ்வழியும் தமக்கு ஏற்குமோவென்று மருத்துவரை வினவுதல் தக்கது.

இவ்வளவும் கூறியது அச்சத்தைக் குருட்டுத்தனமென்று தள்ளுதற்கன்று. அஞ்சவேண்டியவற்றுக்கு அஞ்சாதிருத்தலைப் பேதைமையென வள்ளுவனார் விலக்கினர். 2024 ஏப்பிரலில் புதுச்சேரி இளைஞரொருவர் சென்னைப் புறநகர்த் தனியார் மருத்துவமனையொன்றில் இவ்வறுவைக்கென்று சென்று உயிர் துறந்தார். அரசு விசாரித்து அம்மருத்துவமனையின் உரிமத்தை அப்போது நிறுத்திவைத்தது. அச்செய்தி படித்த நாள்தொட்டே நம் அன்பர் உறக்கம் இழந்தனர். இவ்வச்சத்துக்குப் பொருளுண்டு. ஆயின் அதன் அளவை அறிதல் வேண்டும். அமெரிக்காவில் இவ்வறுவை முதன்முறை செய்துகொண்டார் 4,776 பேரை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட கணக்கின்படி, முப்பது நாளுள் இறந்தார் ஆயிரவரில் மூவர். இறப்பு உள்ளிட்ட பெருந்தீங்கு உற்றார் நூற்றுவரில் நால்வர்க்குச் சற்று மேல். மற்றொருபுறம், சுவீடன் நாட்டில் 1987-இல் தொடங்கி நெடுங்காலம் நடத்திய ஆராய்ச்சியின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கு, அறுவை செய்துகொண்டார் செய்துகொள்ளாத பருமனுடையாரினும் ஏறத்தாழ மூன்றாண்டு மிகுதியாக வாழ்ந்தனர் என்றும், ஆயினும் பொதுமக்களின் ஆயுளுக்கு ஐந்தரை ஆண்டு குறைவாகவே நின்றனர் என்றும் காட்டிற்று. செய்தலிலும் இடருண்டு, செய்யாமையிலும் இடருண்டு. செய்யாமையின் இடர் மெல்ல வருதலின் கண்ணுக்குப் புலனாவதில்லை.

எனவே அச்சத்தை இருவகையாகப் பகுத்துணர்க. ஒன்று அறிவின் வழிவரும் அச்சம். அது வினாவாக மாறும்: இவ்வறுவையை இம்மருத்துவர் எத்துணைப் பேர்க்குச் செய்துள்ளார்? இடர் நேரின் தீவிர சிகிச்சைப் பிரிவு அவ்விடத்தேயே உண்டா? உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் குறையை மயக்கமருந்து கொடுப்பார் முன்னரே ஆராய்ந்தனரா? ஓராண்டு, ஐந்தாண்டு கழித்தும் என்னைப் பார்ப்பார் யார்? நோயாளி, மருத்துவன், மருந்து, துணைநிற்பான் என நான்கையும் வள்ளுவனார் ஒருங்கு வைத்தெண்ணியமையின் பொருள் இதுவே. நான்கில் ஒன்று குறையினும் நிற்க. விடை கிடைக்கக் கிடைக்க இவ்வச்சம் தணியும். விடை கிடையாதாயின் அவ்விடத்தை விட்டு விலகச் செய்யும். இரண்டும் நன்மையே.

மற்றொன்று மலத்தின் வழிவரும் அச்சம். 'உறவினர் நகைப்பரே, தன்னை அடக்கமாட்டாது கத்தியை நாடினான் என்பரே, விருந்திற் பந்தியில் நாலு வாய் உண்டு எழின் யாது கூறுவரோ' என்பன அதன் மொழிகள். இஃது எவ்விடைக்கும் அடங்காது. ஏனெனில் இது வினாவன்று. நான், எனது என்னும் செருக்கு ஊறுபடாமற் காத்துக்கொள்ள ஆணவம் அணியும் வேடம் இது. இதற்கு அஞ்சி உடம்பைப் பாழாக்குதல், கூலிக்கு வந்தோன் சொற்கு அஞ்சி வீட்டை எரியவிடுதல் போலும்.

விரதம் பற்றியும் அன்பர் வினவினார். அறுவைக்குப் பின் நெடும்பட்டினி உடம்புக்கு ஊறு செய்யுமாதலின், சிவராத்திரியும் சோமவாரமும் மருத்துவர் விலக்கின் உண்டே வழிபடுக. மனத்திலே கோயிலெடுத்த பூசலாரின் திருக்கோயிலை இறைவன் மன்னன் கற்கோயிலினும் மேலாகக் கொண்டான் என்பதை நினைவு கூர்க. உடம்பை ஓம்புதல் உயிரை ஓம்புதலேயாம் என்று கண்டு கூறியவர் திருமூலர். அவ்வோம்புதல் எவ்வழியாகுக என்பது அவரவர் உடம்பின் நிலைபற்றியது.

இனி எமது துணிபைக் கூறுதும். செய்துகொள்க என்றோ ஒழிக என்றோ கட்டளையிடுதல் எமது தொழிலன்று. தாய்க்கும் உறவினர்க்கும் அது தொழிலன்று. உரியன கேட்டுத் தெளிந்து உடன்படுவானேல், அவன் வினையையும் மீறினானல்லன், இறைவனையும் மறந்தானல்லன். உரியன கேட்டுத் தெளிந்து மறுப்பானேல், அவனும் கோழையல்லன். பிறவழியால் நோயைக் காத்தல் அவன் கடன். கேளாமலும் தெளியாமலும் நாளை நாளை என்று தள்ளுதலே குற்றம். அங்ஙனம் தள்ளுவான் தான் முடிவு செய்யவில்லையென்று எண்ணுகின்றான். அவன்பொருட்டு அச்சம் முடிவு செய்துவிட்டது. நீரிழிவு அவன் துணிவுக்காகக் காத்திராது; கண்ணையும் சிறுநீரகத்தையும் நாடோறும் அரித்துக்கொண்டே செல்லும்.

பயன் உறுதியென்று எவரும் கைச்சாத்திட்டுக் கொடுக்கமாட்டார். உறுதி கண்ட பின்னரே செய்வேனென்பான் எச்செயலும் செய்யமாட்டான். ஆராய்தல் உயிரின் கடன். பயனூட்டுதல் இறைவன் செயல். அன்னையார் மடவார்வளாகத்துச் சந்நிதியில் விளக்கேற்றட்டும். மகன் மருத்துவரிடம் தன் வினாக்களை எழுதிக்கொண்டு செல்லட்டும். ஒன்று மற்றொன்றுக்குத் தடையன்று. வைத்தியநாதன் என்னும் திருநாமத்துக்கு இரண்டும் பொருளாம்.

திருச்சிற்றம்பலம்.