காயமும் கடப்பாடும்: முதிய உதையாளரின் இடம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒருவர் தம் உடலை வருத்தி ஆற்றிய பணியிலேயே அவ்வுடல் பழுதுறுமாயின், அப்பணியை அவரிடமிருந்து மீட்டுக்கொள்ளும் உரிமை அவரைப் பணித்தோர்க்கு உண்டோ என்னும் வினா மிகப் பழையது. போர்க்களத்திலும் வயலிலும் ஆலையிலும் அது எழுந்துள்ளது. ஆயின் அங்கெல்லாம் வறுமையும் அதிகாரமும் உடன்வந்து சேர்வதால், வினாவின் அறவியற் கூறு தனித்து வெளிப்படுவதில்லை. விளையாட்டுக் களத்திலோ ஒருவர் எத்தனை முறை முயன்றார், எத்தனை முறை தவறினார், எந்நாளிற் காயமுற்றார், அவருடைய இடத்துக்கு வந்தவர் யார் என்பன யாவும் எண்ணப்பட்டுப் பதியப்படுகின்றன. அடிக்கடி காயமுறும் முதிய உதையாளரை ஓர் அமெரிக்க உதைபந்தாட்ட அணி மாற்றலாமா என்னும் வினா முதற்பார்வையில் அற்பமாகத் தோன்றினும், இக்காரணத்தால் அறவியல் பயில்வோர்க்கு நல்லதோர் ஆய்வுப்பொருளாகின்றது.

அமெரிக்க உதைபந்தாட்டம் இலங்கையில் அப்பெயரால் வழங்கும் ஆட்டத்தினின்றும் வேறானது. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் முன்னேறுவதே அதன் இயல்பு. காலால் உதைத்தல் சில வேளைகளில் மட்டுமே நிகழும். அவ்வேளைகளுக்கென்றே ஒருவர் வைக்கப்படுகின்றார். முன்னேற்றம் தடைப்பட்டவிடத்து அவர் களத்துட் புகுந்து, 18 அடி 6 அங்குல இடைவெளியில் நிற்கும் இரு கம்பங்களினூடே, 10 அடி உயரக் குறுக்குச் சட்டத்துக்கு மேலாகப் பந்தை உதைப்பாராயின் அணிக்கு மூன்று புள்ளிகள் கிட்டும். ஏனையோர் ஒருவரோடொருவர் மோதி வீழ்ந்தெழும் இவ்வாட்டத்தில் உதையாளர் பெரும்பாலும் மோதப்படுவதில்லை. ஆதலால், முப்பது வயதளவிற் பலர் ஓய்ந்துவிடும் களத்தில் உதையாளர் நாற்பதையுங் கடந்து நிற்பதுண்டு. மோற்றன் அன்டர்சன் 2007 ஆம் ஆண்டிலே தமது 47 ஆவது வயதிலும் அற்லாந்தா பல்கன்ஸ் அணிக்காக உதைத்தார். எனினும் 53 பேர் கொண்ட பட்டியலில் உதையாளருக்கென ஓரிடமே வைப்பது வழக்கம். காயமுற்றவரின் துணைக்கென இன்னொருவரைச் சேர்த்தால் வேறொரு வீரர் வெளியேற வேண்டும். இரக்கம் காட்டுதற்கு எளிய வழி இல்லாதவாறு ஆட்டத்தின் அமைப்பே தடுத்துவிடுகின்றது.

அன்டர்சனுக்குப் பின்னர் 2008 இல் அவ்விடத்துக்கு வந்தவர் ஜேசன் ஈலம். 1998 இல் 63 யார் தொலைவிலிருந்து உதைத்து அந்நாளைய சாதனையைச் சமன்செய்தவர் அவர். 2009 இல் அவருடைய உதைகள் தவறத் தொடங்கின. அவ்வாண்டின் இறுதியில் அவர் விலக்கப்பட, மாற் பிறையன்ற் அழைக்கப்பட்டார்.

பேலர் பல்கலைக்கழகத்திற் பயின்ற பிறையன்றை ஆண்டுத் தேர்வில் எந்த அணியும் எடுத்ததில்லை. நியூயோர்க் அணியொன்றில் 2002 இல் இடம் கிடைத்தபொழுது அவருக்கு வயது 27. 2006 இல் தம்பா பே அணிக்காக 62 யார் தொலைவிலிருந்து உதைத்து ஓர் ஆட்டத்தை வென்றுகொடுத்தார். அற்லாந்தாவுக்கு வந்தபொழுது வயது 34. அதன் பின்னரே அவருடைய பொற்காலம் தொடங்கிற்று எனலாம். 2013 ஜனவரியில் சியாற்றில் அணிக்கெதிரான வெளியேற்றச் சுற்று ஆட்டத்தில், எட்டு விநாடிகள் எஞ்சியிருக்கையில் 49 யாரிலிருந்து அவர் உதைத்த உதையே 30க்கு 28 என்ற வெற்றியைத் தந்தது. 2015 இன் இறுதியில் வலது தொடைத் தசைக் காயத்தால் அவருடைய பருவம் இடையில் முடிந்தது. ஆயினும் மறு ஆண்டிலே, 41 வயதில், 158 புள்ளிகள் பெற்று அந்நாட்டுத் தேசிய உதைபந்தாட்ட லீக் முழுவதிலும் முதலிடத்தில் நின்றார். அற்லாந்தா அணியின் வரலாற்றில் அவரளவு புள்ளிகள் ஈட்டியவர் எவருமிலர்.

2018 ஒக்ரோபர் 14 ஆம் நாள் நிகழ்ந்தது கருதற்பாலது. தம்பா பே அணிக்கெதிரான ஆட்டம் முடிவை அணுகுகையில் 57 யார் தொலைவிலிருந்து உதைக்குமாறு பிறையன்ற் அனுப்பப்பட்டார். பந்து சட்டத்தைக் கடந்தது. அதே கணத்தில் அவருடைய பின்தொடைத் தசை காயமுற்றது. அணி 34க்கு 29 என வென்றது. அடுத்த மூன்று ஆட்டங்களில் அவருடைய இடத்தில் நின்ற ஜோர்ஜியோ டவெக்கியோ ஐந்து உதைகளில் ஐந்தையும் நிறைவேற்றினார். பிறையன்ற் மீண்டுவந்து, அப்பருவம் முழுவதிலும் 21 முயற்சிகளில் 20ஐ நிறைவேற்றியவராக ஆண்டை முடித்தார். 2019 பெப்ரவரியில் அணி அவரை விடுவித்தது. டவெக்கியோவே இனி உதையாளர் என்றாயிற்று.

'அடிக்கடி காயமுறுபவர்' என்னும் சொற்றொடர் இத்தகைய முடிவுகளில் இயல்பாகக் கையாளப்படுவது. அது வெறும் விவரணம் போலத் தோன்றினும் உண்மையில் ஒரு தீர்ப்பாகும். 57 யார் உதைக்குமாறு பணித்தது அணி. அவ்வுதையால் விளைந்த மூன்று புள்ளிகளை எடுத்துக்கொண்டதும் அணி. கிழிந்த தசை மட்டும் பிறையன்றினுடைய இயல்பாயிற்று. நிகழ்ச்சியொன்று குணமாக மாற்றப்படுகின்றது. பணியின் விலை பணியாளரின் குறையாக எழுதப்படுகின்றது. அடைமொழி பொய்யென்பதன்று, 43 வயதான தசை 23 வயதான தசையினும் எளிதிற் கிழியும் என்பது உடலியல் உண்மை. அக்காயத்தில் அணியின் பங்கு யாதென்ற வினாவை அவ்வடைமொழி கேளாமலே அடைத்துவிடுகின்றது என்பதே இங்குள்ள தவறு.

இவ்வாறு கூறுவதால் முதியவரை மாற்றலாகாது என்னும் முடிவு பெறப்படுமா? பெறப்படாது. நன்றியை இடமாகக் கொடுத்தல் கூடாது என்பதற்கு வலிய காரணங்கள் உள. திருவள்ளுவர் செய்ந்நன்றியறிதலை இல்லறவியலில் வைத்தார். வல்லாரை ஆராய்ந்து வினையில் அமர்த்தும் தெரிந்துவினையாடலை அரசியலில் வைத்தார். இவ்வைப்புமுறை தற்செயலானதெனக் கொள்ளவேண்டியதில்லை. நன்றி பாராட்டுபவர் தமக்குரியதைக் கொடுத்தல் வேண்டும். அணியில் ஓரிடம் என்பது பயிற்றுநரின் உடைமையன்று; முகாமையாளரின் உடைமையுமன்று. ஏனைய 52 பேரின் உழைப்பு அந்த ஒருவரின் காலிற் சென்று முடிகின்றது. 2019 ஒக்ரோபர் 13 ஆம் நாள் அரிசோனா அணிக்கெதிராக அற்லாந்தா பின்னின்று பொருதி, இரண்டு நிமிடங்களுக்குக் குறைவான நேரமே எஞ்சியிருக்கையில் ஒரு புள்ளி வேறுபாட்டை எட்டிற்று. சமன்செய்வதற்கான ஒற்றைப் புள்ளி உதை 33 யார் தொலைவிலிருந்து உதைக்கப்படுவது. பயின்ற உதையாளர்க்கு வழக்கமானது. பிறையன்ற் அதனைத் தவறவிட்டார். 34க்கு 33 என ஆட்டம் தோற்றது. அன்று அடிபட்டு வீழ்ந்தெழுந்த பிறர்க்கும் உடல் உண்டு. அவர்களுக்கும் காயம் உண்டு. ஒருவருக்குச் செலுத்தவேண்டிய நன்றியைப் பிறருடைய உழைப்பிலிருந்து செலுத்துதல் வள்ளன்மையாகாது.

விடுவிக்கப்பட்டவர் அந்த ஒக்ரோபரில் மறுபடியும் அற்லாந்தாவுக்காக உதைத்தது எங்ஙனம் என்பதை விளக்குதல் வேண்டும். பருவத்துக்கு முந்திய ஆட்டங்களில் டவெக்கியோவின் உதைகள் பல தவறின. அணி கலங்கிற்று, ஓகஸ்ற் இறுதியில் அவரை நீக்கிவிட்டுப் பிறையன்றைத் திரும்ப அழைத்தது. அப்பொழுது அவருக்கு வயது 44. எட்டு ஆட்டங்களில் 14 முயற்சிகளில் 9 மட்டுமே நிறைவேறின. சியாற்றில் அணியுடனான ஆட்டத்தில் மேலும் இரண்டு தவறியபின், ஒக்ரோபர் 29 இல் அவர் இரண்டாம் முறையும் விடுவிக்கப்பட்டார்.

இந்நிரலில் அணி எங்கே பிழைத்தது? பெப்ரவரி முடிவு பிழையென்று பலர் எளிதாகக் கூறுவர். டவெக்கியோ தோற்றாரன்றோ என்பது அவர்களுடைய வாதம். ஆயின் அவர் தோற்றமை ஓகஸ்றில் வெளிப்பட்டது. பெப்ரவரியில் எவர்க்குந் தெரியாது. பின்வந்த விளைவு முன்செய்த செயலின் அறத்தைத் தீர்மானிக்கும் இச்சிக்கலையே பேணாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகிய மெய்யியலறிஞர் 1976 இல் ஆராய்ந்தனர். அறச்செயலிலும் ஊழுக்குப் பங்குண்டு என்று தமிழிற் கூறலாம். விளைவை நீக்கிப் பார்ப்பினும் பெப்ரவரி முடிவு பலவீனமானதே. 21இல் 20ஐ நிறைவேற்றியவரை, ஐந்துக்கு ஐந்து என்ற சிற்றெண்ணிக்கையின் துணைகொண்டு விலக்குதல், செய்தவற்றை நோக்கிய தீர்ப்பன்று. இனி நிகழக்கூடும் என்ற ஊகத்தை நோக்கிய தீர்ப்பு. சம்பள வரம்புக்குட் பணத்தை மிச்சப்படுத்தும் கணக்கும் அதில் இருந்திருத்தல் இயல்பே. எனினும் பலவீனமான கணிப்பு வேறு, அறப்பிழை வேறு.

அறப்பிழை, அவ்வாறு ஒன்று உண்டெனின், ஓகஸ்றிலேயே காணத்தக்கது. திரும்ப அழைத்தமை நன்றியின் பாற்பட்டதாகப் புறத்தே தோன்றும். ஆதரவாளர் மகிழ்ந்ததும் உண்மை. ஆயின் அணியின் கோடைகாலப் பயிற்சி முகாமில் இல்லாத ஒருவரை, காயமுற்ற பருவத்துக்கு அடுத்த பருவத்தின் வாயிலில், தன் கணிப்பின் தோல்வியை மறைக்கும் பொருட்டு அணி அழைத்தது. பெப்ரவரியில் 'வயது முதிர்ந்தது' என்ற காரணம் ஓகஸ்றிற் பொய்த்துவிடவில்லை; அதற்கிடையில் அவ்வயதுக்கு ஆறு மாதங்கள் கூடியிருந்தன. மனிதரை ஒருபோதும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்று இம்மானுவேல் கான்ற் 1785 இல் வகுத்த நெறி, பெப்ரவரி விடுவிப்பினும் ஓகஸ்ற் அழைப்பையே கடிந்துரைக்கும். அவர் தாமே இசைந்து வந்தார் எனலாம். உண்மை, பத்தாண்டு நின்ற களத்திலிருந்து வரும் அழைப்பை மறுக்க வல்லார் சிலரே. இசைவு கிடைக்கும் என்பதை அறிந்து கேட்பவர்க்கு, கேட்பதிலும் ஒரு பொறுப்புண்டு.

இவ்வினாவில் மூன்றாமவர் ஒருவரும் உளர்; முதியவரின் பெருமையைப் பேசுவோர் அவரைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். வாயிலுக்கு வெளியே காத்திருப்பவர் அவர். டவெக்கியோவே அத்தகையவர்; 2017 இல் ஓக்லாந்து அணியில் அவர் இடம்பெற்றதும் செபஸ்தியான் ஜானிகவ்ஸ்கி என்னும் முதிய உதையாளரின் முதுகு நோவினாலேயே. பிறையன்றுக்குப் பின்னர் வந்த யங்ஹோ கூ, கொரியாவிற் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா சென்றவர். 2017 இல் நான்கே ஆட்டங்களின் பின்னர் ஓர் அணியால் விலக்கப்பட்டார். 2019 இல் அவர் ஆடிய புதிய லீக்கோ அவ்வாண்டு ஏப்ரலிலேயே மூடப்பட்டது. நன்றியால் ஓரிடத்தை நிரப்பிவைக்கும் ஒவ்வொரு வாரமும் இத்தகைய ஒருவருக்குக் கதவு சாத்தப்படுகின்றது. அவருடைய இழப்பு புகைப்படத்தில் தெரியாது, அவ்வளவே. 1971 இல் ஜோன் றோல்ஸ் முன்வைத்த சிந்தனைப் பயிற்சியை இங்கே கையாளலாம். தாம் ஈலமா, பிறையன்றா, கூவா என்பதை அறியாத நிலையில் மூவரும் கூடி ஒரு விதியை வகுப்பரெனின், முதியவரின் இடத்தைக் காக்கும் விதியை அவர்கள் ஏற்கமாட்டார்கள். அவ்விதியின்கீழ் ஈலம் நீங்கியிரார், பிறையன்ற் வந்திரார். ஆனால் காயமுற்றவரை வெறுங்கையுடன் அனுப்பும் விதியையும் அவர்கள் ஏற்கமாட்டார்கள். மூவருக்கும் தொடை உண்டு.

ஆகவே கடன் வேறு நாணயத்திற் செலுத்தப்பட வேண்டியதாகின்றது. களத்தில் நேர்ந்த காயத்துக்கு அப்பருவத்தின் ஊதியமும் மருத்துவமும் உரியன என்பது அவ்விளையாட்டின் ஒப்பந்தங்களில் ஏற்கெனவே உள்ளது. அது சட்டத்தின் அளவு. அறத்தின் அளவு சற்று மிகுதி. காயம் முற்றும் ஆறாத உடலைச் சோதனைக்குட்படுத்தி அதன் தோல்வியைச் சான்றாகக் கொள்ளாமை அதில் ஒன்று. மாற்றும் கருத்து தோன்றியவுடன், வேறிடம் தேடக் காலம் இருக்கையிலேயே உரியவரிடம் கூறுதல் இன்னொன்று. இவ்வகையில் பெப்ரவரி விடுவிப்பு ஒருவாறு மேலானதே. பருவத்துக்கு ஏழு மாதங்கள் முன்னதாக நிகழ்ந்தது. எல்லாவற்றினும் கடினமானது, காரணத்தை உள்ளவாறு கூறுதல். 'உம்முடைய உதைகள் தவறின' என்பதும் 'உம்முடைய வயதை அஞ்சுகின்றோம்' என்பதும் 'உம்முடைய ஊதியம் எமக்குப் பாரம்' என்பதும் வெவ்வேறு காரணங்கள். 'காயமுறுபவர்' என்ற ஒரு சொல் மூன்றையும் மூடிவிடுகின்றது.

கூ 2020 இல் 39 முயற்சிகளில் 37ஐ நிறைவேற்றி, சிறந்தோர் ஆட்டத்துக்குத் தெரிவானார். 2024 இல் 34இல் 25 மட்டுமே நிறைவேறின. டிசெம்பரில் இடுப்புக் காயத்தால் அவர் காயமுற்றோர் பட்டியலிற் சேர்க்கப்பட்டார். 2025 செப்ரெம்பரில், பருவத்தின் முதலாட்டத்திலே, சமன்செய்வதற்கான 44 யார் உதை தவறியது. அடுத்த ஆட்டத்தில் ஜோன் பாக்கர் றோமோ ஐந்து உதைகளை நிறைவேற்றினார். அம்மாதத்திலேயே கூ விடுவிக்கப்பட்டார். பிறையன்றின் முதல் விடுவிப்பு ஊகத்தின்மேல் நின்றது; கூவினுடையது எண்ணிக்கையின்மேல் நின்றது. ஒருவர் ஒன்றைத் தவறவிட்டுச் சென்றார். மற்றவர் ஒன்பதைத் தவறவிட்டு, மேலும் ஒன்றுக்கு வாய்ப்பளிக்கப்பெற்றுச் சென்றார். ஆதலால் பின்னையது நேரியதெனத் தோன்றும். அவ்வொன்பதில் எத்தனை காலின் பிழை, எத்தனை இடுப்பின் நோவு என்பது மட்டும் எண்ணிக்கையில் எழுதப்படவில்லை.