வட்டியும் வெயிலும்

சூரிய மின்சாரத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சு நடக்கிறது. ஒன்று எஞ்சினீயர்களின் பேச்சு: இத்தனை மெகாவாட், இத்தனை ஏக்கர். மற்றது பக்தர்களின் பேச்சு: இயற்கை, பூமித்தாய், நாளைய தலைமுறை. இரண்டிலும் அடிபடாத ஒரு விஷயம் வட்டி. எழுத்தாளர்களுக்கு வட்டி ஓர் அசிங்கமான விஷயம். கதையில் லேவாதேவிக்காரன் வாயிலாக மட்டும் வரலாம். ஆனால் நிலக்கரியா வெயிலா என்ற கேள்வியைச் சற்றே பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது, நாளை என்பதற்கு இன்று என்ன மதிப்பு என்ற கேள்வி. தத்துவக்காரர்கள் இதை விவாதித்துக்கொண்டிருக்க, வட்டி விகிதம் தினமும் இதற்கு ஓர் எண்ணில் பதில் சொல்லிவிடுகிறது. அந்தப் பதிலின் யோக்கியதையைப் பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கு. அனல் மின் நிலையத்தில் செலவு கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. கட்டும்போது ஒரு பங்கு; பிறகு எரிக்க எரிக்கக் கரிக்குக் கொடுக்கும் காசு. சூரியத் தகட்டிலும் காற்றாலையிலும் இருபத்தைந்து வருஷத்து மின்சாரத்துக்கான விலையை ஏறக்குறைய முழுவதுமாக முதல் நாளே கீழே வைத்துவிட வேண்டும். அதன்பின் எரிபொருள் செலவே கிடையாது. ஆகவே அந்த முதல் பணம் என்ன வட்டிக்குக் கிடைக்கிறது என்பது யூனிட்டின் விலையைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. 100 ரூபாய் கடனை 25 வருஷத்தில் சம தவணைகளில் அடைப்பதானால், 4 சதவீத வட்டியில் வருஷத்துக்கு 6 ரூபாய் 40 காசு கட்ட வேண்டும். 12 சதவீதத்தில் 12 ரூபாய் 75 காசு. வெயிலும் தகடும் ஒன்றேதான். விலை மட்டும் இரண்டு மடங்கு. ஏழை நாடுகளில் இத்தகைய திட்டங்களுக்கு மூலதனத்தின் விலை பணக்கார நாடுகளில் உள்ளதைப்போல் இரு மடங்கு இருப்பது சாதாரணம். வெயில் கொட்டிக் கிடக்கும் நாடுகள்தான் அதைச் சேகரிக்க அதிக வட்டி கட்டுகின்றன.

இது வட்டியின் ஒரு முகம். இன்னொன்று இதைவிடக் கடுமையானது. மூன்று மாதம் கழித்து வரவேண்டிய பில்லை வங்கியில் இன்றே டிஸ்கவுண்ட் செய்து, ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கிறோம். மூன்று மாதத்துக்கு இதில் தவறொன்றுமில்லை. ஆனால் அரசாங்கங்கள் இதே முறையை நூறு வருஷத்துக்கும் பிரயோகிக்கின்றன. நூறு வருஷம் கழித்து ஒருவனுக்கு நேரப்போகும் 100 ரூபாய் நஷ்டத்தைத் தவிர்க்க இன்று எவ்வளவு செலவழிக்கலாம்? விகிதம் 1.4 சதவீதமானால் சுமார் 25 ரூபாய். 5 சதவீதமானால் 76 காசு. 10 சதவீதமானால் ஒரு காசுகூட இல்லை. புகைபோக்கியிலிருந்து இன்று போகும் கரியமில வாயுவில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றில் தங்கிவிடுகிறது. அதன் தீங்கு தூரத்தில் இருப்பதால் கணக்கில் அது காசாகிறது, காசு பூஜ்யமாகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஆனால் ஒரு மனிதன் காணாமல் போய்விட்டான்.

இந்தக் கழிவை நியாயமற்றது என்று முதலில் சொன்னவர்கள் பொருளாதாரத்துக்கு வெளியே இருந்து வரவில்லை. ஹென்றி சிட்ஜ்விக் 1874இல் வெளியிட்ட அறவியல் நூலிலேயே, ஒருவன் எந்தக் காலத்தில் வாழ்கிறான் என்பது அவனது இன்பதுன்பத்தின் மதிப்பைக் குறைக்க முடியாது என்ற நிலையை எடுத்தார். ஃப்ராங்க் ராம்ஸே 1928இல் சேமிப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில், பின்னால் வரும் இன்பத்தை முன்னால் வருவதைவிடக் குறைவாக மதிப்பது அறத்தில் நிற்காது, கற்பனையின் பலவீனத்தால் வருவது என்ற கருத்தைச் சொன்னார். விட்கன்ஸ்டைனின் முதல் நூலை ஆங்கிலத்தில் கொண்டுவருவதில் பங்கு கொண்ட அதே ராம்ஸேதான். 1930இல் 26 வயதில் இறந்துபோனவர். கற்பனையின் பலவீனம் என்பது இலக்கியக்காரர்கள் உபயோகிக்க வேண்டிய குற்றச்சாட்டு. ஒரு கணிதக்காரர் அதைச் செய்தார். ஆனால் அதே கட்டுரையில் அவருடைய சொந்தக் கணக்கே, மனிதர்கள் உண்மையில் சேமிப்பதைவிட மிகமிக அதிகமாகச் சேமிக்கச் சொல்லிற்று. எல்லாத் தலைமுறையையும் சமமாக எண்ணினால், வரிசையாக வரப்போகிறவர்களின் கூட்டம் இன்றிருப்பவனை அழுத்திவிடுகிறது. இந்தச் சிக்கலை மறைத்துவிட்டுப் பேசுவது சரியாகாது.

2006இல் பிரிட்டிஷ் அரசுக்காக நிகோலஸ் ஸ்டெர்ன் தயாரித்த அறிக்கையில் இந்த விவாதம் கல்லூரி அறையிலிருந்து வெளியே வந்தது. வெறும் காலத்துக்காகக் கழிப்பது 0.1 சதவீதம் போதும் என்றார் ஸ்டெர்ன். அதுவும் மனித குலமே அழிந்துபோகக்கூடிய சாத்தியத்துக்காக. வளர்ச்சிக்கான பங்கையும் சேர்த்து மொத்த விகிதம் 1.4ஐ ஒட்டி வந்தது. ஆகவே உடனே, கடுமையாகச் செயல்பட வேண்டும் என்பது முடிவு. வில்லியம் நார்ட்ஹவுஸ், முதலீடு சந்தையில் நிஜமாகத் தரும் வருவாயை ஒட்டி 5 சதவீதத்துக்கு மேல் வைத்துக்கொண்டு, மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக இறுக்கலாம் என்று வாதித்தார். 2018இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இருவரும் ஒரே விஞ்ஞானத்தைத்தான் படித்தார்கள். பூமி எவ்வளவு சூடேறும் என்பதில் அவர்களிடையே பெரிய தகராறு இல்லை. தகராறு பெரும்பாலும் இந்த ஓர் எண்ணில். ஸ்டெர்ன் உபதேசிக்கிறார், மனிதர்கள் நடந்துகொள்வதைக் கவனிக்கவில்லை என்பது நார்ட்ஹவுஸ் தரப்பின் புகார். புகாரில் உண்மை இருக்கிறது. ஆனால் சந்தையில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பார்த்து எப்படி நடந்துகொள்ளலாம் என்று முடிவுகட்டினால் அறம் என்ற துறைக்கே வேலையில்லை. சந்தையில் வாங்கவும் விற்கவும் வருகிறவர்கள் இன்று உயிரோடிருப்பவர்கள் மட்டுமே என்பதும் கவனிக்க வேண்டியது.

கழிவு விகிதத்தில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று பொறுமையின்மை. அதற்கு நியாயம் கிடையாது. மற்றது, வரப்போகிறவர்கள் நம்மைவிட வசதியாக இருப்பார்கள், ஆகவே அவர்கள் கையில் ஒரு ரூபாய்க்கு மதிப்புக் குறைவு என்ற வாதம். இது அலட்சியப்படுத்தக்கூடியதல்ல. விளக்கு மங்கி எரியும் வீட்டில் இருப்பவளிடம், பணக்காரர்களாகப் பிறக்கப்போகும் யாரோவுக்காக இன்னும் காத்திரு என்று சொல்வது கொடுமை. இந்தியாவில் தலைக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு. அமெரிக்காவில் அதைப்போல் ஏழு மடங்கு. நமக்கு உபதேசம் செய்கிறவர்களின் வாய் சுத்தமானதல்ல.

ஆனால் இந்த வாதத்தை எடுப்பவர்கள் அதைப் பாதி வழியில் விட்டுவிடுகிறார்கள். ஏழையின் கையில் ரூபாய்க்கு மதிப்பு அதிகம் என்பது கொள்கையானால், அது காலத்துக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்? இன்றைய பணக்காரனுக்கும் இன்றைய ஏழைக்கும் இடையிலும் அது பொருந்த வேண்டும். அப்படிப் பொருத்தினால் பணக்கார நாடுகள் இன்றே பெருந்தொகையை இங்கே அனுப்பியிருக்க வேண்டும். இங்குள்ள வசதியானவர்களும் தப்ப முடியாது. பேரனுக்குக் கொடுக்காமலிருக்க ஏழையைக் காட்டுவது, ஏழைக்குக் கொடுக்காமலிருக்கப் பேரனைக் காட்டுவது என்று இரண்டு பக்கமும் ஒரே ஆள் ஆடும் ஆட்டம் இது. தவிர, நாளை எல்லோரும் பணக்காரர் என்பது சராசரியின் பேச்சு. கடல் ஏறிவரும் தாழ்ந்த தீவில் பிறக்கப்போகிறவனுக்குச் சராசரி வருமானத்தில் பங்கு இல்லை.

தத்துவத்தில் இன்னொரு தப்பிக்கும் வழி உண்டு. டெரிக் பர்ஃபிட் 1984இல் வெளியான நூலில் எழுப்பிய புதிர் அது. கொள்கைகள் மாறினால் யார் யாரைச் சந்திப்பார்கள், எப்போது குழந்தை பிறக்கும் என்பதெல்லாம் மாறுகிறது. லண்டன் ஹால்பர்ன் வயடக்டில் 1882இல் நிலக்கரி மின் நிலையம் ஓடத் தொடங்கியது. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று நிறுத்தப்பட்டது. இடையிலுள்ள 142 வருஷம் வேறுவிதமாக இருந்திருந்தால் இன்றிருக்கும் நம்மில் பெரும்பாலோர் பிறந்தே இருக்க மாட்டோம். அப்படியானால் கரியை எரித்தவர்கள் நமக்குத் தீங்கு செய்தார்கள் என்று எப்படிச் சொல்வது? பர்ஃபிட் இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. தீங்கு என்பதைக் குறிப்பிட்ட ஆளோடு கட்டிப்போட்டிருக்கும் நமது சிந்தனை இங்கே போதாது என்று காட்டவே சொன்னார். எதிரில் நிற்கும் ஆளை வைத்துத்தான் நமக்கு அறம் புரிகிறது. இங்கே எதிரில் யாருமில்லை.

நமது சட்டத்திலேயே இதற்கு ஒரு மறுபக்கம் கிடைக்கிறது. தந்தையின் கடனை மகன் அடைப்பது புண்ணிய கடமை என்பது பழைய இந்துச் சட்டத்தின் கோட்பாடு. பாட்டன், முப்பாட்டன் கடன்வரை அது நீண்டது. 2005இல் வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, அந்தக் கடமையை மட்டும் காரணம் காட்டிப் புதிய கடன்களுக்காக மகன், பேரன், கொள்ளுப்பேரன் மீது வழக்காட முடியாதென்று வைத்தார்கள். அதற்கு முன் 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், அப்பன் வாங்கிய பணத்துக்குப் பிள்ளை உழைத்துக் கழிக்கும் முறையைக் குற்றமாக்கியது. பிறந்தவன் தான் வாங்காத கடனுக்குப் பொறுப்பல்ல என்பது கஷ்டப்பட்டு அடைந்த ஒரு நாகரிகம். காற்றில் நாம் எழுதிவைக்கும் கடன் இந்த நாகரிகத்துக்கு வெளியே இருக்கிறது. நாம் சொத்தும் வைத்துப்போகிறோமே, சாலையும் மின்கம்பியும் விஞ்ஞானமும், என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் சொத்தும் கடனும் ஒரே வாரிசுக்குப் போவதில்லை. கடன் அதிகமானால் சொத்தே வேண்டாம் என்று வாரிசு விலகிக்கொள்ளலாம். காற்றை வேண்டாம் என்று யாரும் விலக முடியாது.

புதுப்பிக்கும் சக்திக்கு மாறிவிட்டாலே நாளையைப் பற்றிய அக்கறை வந்துவிட்டதாக அர்த்தமில்லை. 1986இல் தூத்துக்குடியில் காற்றாலைகள் நிறுவப்பட்டன. 1990களில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் அவை பெருகின. அப்போது காற்றாலையின் முழு மதிப்பையும் முதல் வருஷத்திலேயே தேய்மானமாகக் காட்டி வரியில் கழித்துக்கொள்ளலாம். பிறகு இது 80 சதவீதமாகி, 2017இலிருந்து 40 சதவீதமாயிற்று. லாபம் சம்பாதித்த ஆலைகளுக்கு இது பெரிய சௌகரியம். இருபது வருஷம் சுழல வேண்டிய இயந்திரத்தின் பலன் முதல் வருஷக் கணக்கிலேயே பெருமளவு வந்துவிட்டது. அதன்பின் எவ்வளவு சுழல்கிறது என்பது அத்தனை முக்கியமில்லை. உற்பத்தியான யூனிட்டுக்கு ஊக்கத்தொகை என்ற ஏற்பாடு 2009இல்தான் வந்தது. அந்தச் சலுகையால் தமிழ்நாட்டில் காற்று மின்சாரம் வேரூன்றியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பொறுமையில்லாதவனைக் கொண்டு பொறுமையான காரியம் ஒன்று செய்யப்பட்டது என்பதே அதன் பாடம்.

ஜெர்மனியில் வேறு விதம். 2000ஆம் வருஷத்துச் சட்டப்படி வெயில், காற்று மின்சாரத்துக்கு 20 வருஷத்துக்கு நிலையான விலை உறுதி செய்தார்கள். அதற்கான கூடுதல் பணத்தை மின் கட்டணத்திலேயே மக்கள் 2022வரை கட்டினார்கள். பெரிய தொழிற்சாலைகள் பலவற்றுக்கு விலக்கு; சாதாரணக் குடும்பத்துக்கு இல்லை. அந்தப் பணம் உண்டாக்கிய தேவையும், பிறகு சீனத்துத் தொழிற்சாலைகளும் சேர்ந்து தகட்டின் விலையை உலகெங்கும் இறக்கின. 2010க்குப் பிந்தைய பதினைந்து வருஷத்துக்குள் சூரிய மின்சாரத்தின் செலவு பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. வெயில் குறைந்த ஒரு நாட்டின் குடும்பங்கள் கட்டிய பணத்தில் ராமநாதபுரத்து வெயில் மலிவாயிற்று. அவர்கள் நம்மை நினைத்துக் கட்டவில்லை. ஆனாலும் முகம் தெரியாதவனுக்குக் கொடுப்பது சாத்தியம் என்பதற்கு இது சாட்சி.

இப்போது மலிவாகிவிட்டது, இனி தியாகமே தேவையில்லை, லாபமே நம்மை நல்லவர்களாக்கிவிடும் என்கிறார்கள். நல்லது, எந்தக் காரணத்துக்காக ஆனாலும் புகை குறைந்தால் சரி. ஆனால் மலிவு கேள்வியைத் தள்ளிவைக்கிறது, பதில் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷம் கழித்துக் குவியப்போகும் பழைய தகடுகளை யார் எடுப்பது, அனல் நிலையச் சாம்பல் குளங்களை யார் மூடுவது, சுரங்கம் மூடினால் அதை நம்பியிருந்த ஊர் என்னாவது, அணுக்கழிவை ஆயிரக்கணக்கான வருஷம் யார் காவல் காப்பது என்பவற்றில் லாபம் இல்லை. அங்கெல்லாம் பழைய கழிவு விகிதம் மறுபடி வந்து உட்காரும். தூரத்தில் இருக்கிறது, ஆகவே சிறியது என்று அது சொல்லும்.

நம் சிறிய வட்டத்துக்கும் இதில் ஒரு சொல் உண்டு. வரப்போகும் வாசகனுக்காக எழுதுகிறோம் என்று நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது இன்றைய வாசகன் இல்லாததற்குச் சமாதானம். அந்த வரப்போகும் வாசகனிடம் நாம் எதிர்பார்ப்பது அவனுடைய கவனத்தை. அவன் குடிக்கும் தண்ணீரையும் சுவாசிக்கும் காற்றையும் பற்றி நமக்கு அபிப்பிராயம் இல்லை. அவன் நம்மைப் படிப்பான் என்று நம்பும் அளவுக்கு அவனை நிஜமாக நினைக்க முடிந்தால், மின்சாரக் கணக்கில் அவனை 76 காசாக எழுதியிருப்பதைப் பார்த்து நமக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ராம்ஸே சொன்ன பலவீனம் பொருளாதாரக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல.