விடை கொடுக்கும் குழந்தை

மனிதர் பேசும் சொற்களைப் பயன் நோக்கி வகுக்க முனைந்தால், கேட்கும் சொற்கள் ஒருபுறமும் அறிவிக்கும் சொற்கள் மறுபுறமும் எளிதில் பிரிந்து நிற்கும். 'தண்ணீர் வேண்டும்' என்பது முதல் வகை. 'மழை பெய்கிறது' என்பது இரண்டாம் வகை. இவ்விரண்டிலும் அடங்காத சொற்களும் சில உண்டு. பிரியும் வேளையில் நாம் சொல்லும் சொல் அவற்றுள் ஒன்று. அதனால் எவருடைய பசியும் தீர்வதில்லை; புதிய செய்தி எதுவும் தெரிய வருவதில்லை. எனினும், நம்மோடு ஒரு மாலைப் பொழுதைக் கழித்தவர் அச்சொல்லைச் சொல்லாமல் எழுந்து போய்விட்டால் நம் உள்ளம் புண்படுகிறது.

பயனற்றதுபோல் தோன்றும் இச்சொல்லை, மிகச் சில சொற்களையே கையாளக்கூடிய ஒரு குழந்தைக்குக் கற்பிக்க வேண்டுமா? கற்பிப்பதானால் எந்த மொழியில் கற்பிப்பது? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஸ்பானிய மொழி பேசும் இல்லங்களில், வாய்பேச இயலாத பிள்ளைகளை வளர்ப்போர் முன் நிற்கும் கேள்வி இது. அவர்களுடைய விடைபெறும் சொல் 'அதியோஸ்'. அந்த ஒரு சொல்லை முன்வைத்து, சொல் என்பது மனிதருக்கு எதற்காகத் தரப்பட்டது என்பதைச் சற்றே சிந்திப்போம்.

மூளை முடக்குவாதத்தாலோ ஆட்டிசத்தாலோ பேச்சு வராத பிள்ளைகள் பலர் இன்று தொடர்புக் கருவிகளைப் பயன்படுத்துகின்றனர். தொடுதிரையில் கட்டம் கட்டமாகப் படங்கள் இருக்கும். ஒரு படத்தைத் தொட்டால் கருவி அதற்குரிய சொல்லை ஒலிக்கும். விரலால் தொட முடியாதோர் கண் பார்வையாலேயே கட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும் வழியுண்டு. இம்முறைக்கு முன்னோடிகள் பலர். நாத்சி வதைமுகாம்களில் சிறைப்பட்டு விடுபட்ட சார்லஸ் பிளிஸ் என்பவர், மொழிகளால் மக்கள் பிளவுபடுவதைக் கண்டு வருந்தி, எல்லா நாட்டினருக்கும் பொதுவான குறியெழுத்து ஒன்றைப் படைத்து 1949இல் நூலாக வெளியிட்டார். உலக ஒற்றுமைக்கென அவர் வகுத்த அக்குறிகளை, 1971இல் கனடாவின் டொராண்டோ நகரில் ஆசிரியர்கள் பேச இயலாத சிறுவர்களின் கையில் கொடுத்தனர்.

ஸ்பெயின் நாட்டிற்கோ இப்பணியில் இன்னும் நெடிய மரபு உண்டு. 16ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியான பேத்ரோ போன்சே தெ லெயோன், ஓஞா மடத்தில் காது கேளாப் பிள்ளைகளுக்கு எழுத்தும் பேச்சும் கற்பித்தார். அரகோன் பகுதியைச் சேர்ந்த ஹுவான் பாப்லோ போனெத் அக்கலையைப் பற்றிய நூலை 1620இல் மத்ரித் நகரில் அச்சேற்றினார். அதே அரகோனின் தலைநகரான சரகோசாவில் 2007இல் தொடங்கிய 'அரசாக்' என்னும் பணி, ஆயிரக்கணக்கான படக்குறிகளைப் பல மொழிகளில் இலவசமாகவே வழங்கி வருகிறது. அன்று உயர்குடிப் பிள்ளைகளுக்கே எட்டிய உதவி, இன்று வறியவர் வீட்டுக் குழந்தைக்கும் காகிதத்தில் அச்சிட்ட படங்களாகவேனும் எட்டக்கூடியதாகிவிட்டது.

கருவி எத்துணைச் சிறந்ததாயினும் அதில் ஓர் அறச்சிக்கல் மறைந்திருக்கிறது. பேசும் குழந்தை தன் சொற்களைத் தானே பொறுக்கி எடுத்துக்கொள்கிறது. பெரியோர் ஒரு பொருளைச் சுட்டி ஒலியெழுப்பியதைப் பார்த்துப் பார்த்தே தாம் மொழி கற்றதாகப் புனித அகுஸ்தினார் தம் வாழ்க்கை நூலில் எழுதியிருக்கிறார். அடுக்களையிலும் தெருவிலும் பாட்டியின் மடியிலும் சொற்கள் சிந்திக் கிடக்கின்றன. யாரும் அனுமதி தர வேண்டியதில்லை. தொடர்புக் கருவியை நம்பியிருக்கும் குழந்தையின் நிலை வேறு. பிறர் எந்தச் சொல்லைக் கட்டத்தில் வைத்தார்களோ அதை மட்டுமே அது பேச முடியும். ஒரு மனிதப் பிறவியின் வாய்க்குள் எந்தச் சொல் இருக்கலாம் என்று மற்றொருவர் தீர்மானிக்கிறார். இது சிறிய அதிகாரமா?

அவ்வதிகாரம் பெற்றோர் முதலில் எதை வைப்பர்? தண்ணீர், உணவு, கழிவறை, வலி, இன்னும், போதும். இவற்றைக் குறைகூற எவராலும் இயலாது. பசித்த பிள்ளை பசியைச் சொல்ல வேண்டும். வலிக்கும் பிள்ளை வலியைச் சொல்ல வேண்டும். ஆனால் அவ்வளவோடு நின்றுவிட்டால்? ஜானிஸ் லைட் என்ற அறிஞர், மனிதர் ஒருவரோடொருவர் தொடர்புகொள்வதற்கு நான்கு நோக்கங்கள் உண்டென்று 1988இல் எழுதினார். தேவையைத் தெரிவித்தல், செய்தியைப் பகிர்தல், நெருக்கத்தை வளர்த்தல், சமூக முறைமையைப் பேணுதல் என்பன அவை. முதலாவதற்கு மட்டும் சொற்களைத் தந்து மற்றவற்றிற்குத் தராத கருவி, குழந்தையை வாழ்நாள் முழுவதும் கேட்பவனாகவே நிறுத்தி வைக்கிறது. கேட்பதன்றி வேறெதுவும் சொல்ல வாய்ப்பில்லாதவனை உலகம் என்னவென்று அழைக்கும் என்பதை நாம் அறிவோம். இதை உணர்ந்தே, கடுமையான குறைபாடுடையோரின் தொடர்புரிமைகளை அமெரிக்கக் கூட்டுக்குழு ஒன்று 1992இல் வகுத்து, 2016இல் திருத்தியபோது, பிறரோடு பழகவும் நெருக்கம் காக்கவும் உறவுகளை வளர்க்கவும் உள்ள உரிமையைப் பதினைந்து உரிமைகளுள் முதலாவதாக வைத்தது.

விடைபெறும் சொல் இவ்வுரிமையின் மிக எளிய வடிவம். அது எதிரில் நிற்பவரை, 'நீ இங்கிருந்தாய், நான் அறிந்தேன்' என்று ஏற்றுக்கொள்கிறது. மேலும், அச்சொல்லில் ஓர் ஆற்றலும் அடங்கியிருக்கிறது. ஓர் உரையாடலை முடித்து வைக்கும் ஆற்றல் அது. பேச இயலாத பிள்ளைக்கு எல்லா முடிவுகளையும் பிறரே எழுதுகின்றனர். உறவினர் எழுந்து போகின்றனர். பயிற்சியாளர் பையை மூடுகிறார். சக்கர நாற்காலி சட்டென்று வாசல்பக்கம் திரும்புகிறது. 'அதியோஸ்' என்ற கட்டம் கையில் இருந்தால், அப்பிள்ளையும் ஒருநாள் பாடத்தின் நடுவே அதைத் தொட்டு, 'இன்று இவ்வளவு போதும், நீங்கள் போகலாம்' என்று சொல்லக்கூடும். அதை மரியாதைக் குறைவென்று கடிந்துகொள்வோர் உண்டு. நாம் புறப்படும்போது மட்டும் சொல்ல வேண்டிய ஒப்பனைச் சொல்லாக அதைக் கற்பித்தால், பாதியையே கற்பித்தவர்களாவோம். போகச் சொல்லும் உரிமையும் சேர்ந்ததே விடைகொடுத்தல்.

இனி மொழிக்கு வருவோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் இல்லங்களில் ஸ்பானிய மொழி பேசுகின்றனர். பள்ளியிலோ பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. பள்ளி தரும் கருவியிலும் ஆங்கிலமே இருந்தால் அக்குழந்தைக்குப் பள்ளியில் வாயும் வீட்டில் ஊமைத்தனமும் வாய்க்கின்றன. இரண்டு மொழிகள் குறைபாடுள்ள பிள்ளையைக் குழப்பிவிடும் என்ற அச்சம் நெடுங்காலம் நிலவியது. தாய்மொழியை விட்டுவிடுமாறு பெற்றோருக்கு அறிவுரை சொன்னோரும் பலர். டவுன் நோய்க்குறியும் ஆட்டிசமும் உள்ள பிள்ளைகளிடையே பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் அவ்வச்சத்தை உறுதிப்படுத்தவில்லை. பாட்டியின் மொழியை இழப்பதால் பேரன் ஆங்கிலத்தில் தேறிவிடுவதில்லை. பாட்டியை மட்டுமே இழக்கிறான்.

விடைபெறும் சொல்லை அகராதியைப் பார்த்து நிரப்பவும் இயலாது. ஒவ்வோர் இனமும் தன் நம்பிக்கையை அதில் பொதிந்து வைத்திருக்கிறது. 'போகிறேன்' என்று சொல்லத் தயங்கி 'போய் வருகிறேன்' என்று சொல்லும் நாம் அதில் திரும்பி வருதலை வைத்தோம். ஸ்பானியரோ இறைவனை வைத்தனர். 'அ தியோஸ்' என்றால் 'இறைவனிடம்' என்பது பொருள். உன்னை இறைவனிடம் ஒப்படைக்கிறேன் என்னும் வாழ்த்தின் சுருக்கமே 'அதியோஸ்'. ஆங்கிலேயரின் 'குட்பை' என்பதும் 'இறைவன் உம்மோடு இருப்பாராக' என்ற தொடரின் தேய்ந்த வடிவமே. ஆயினும் எல்லா ஸ்பானியக் குடும்பங்களும் நாள்தோறும் 'அதியோஸ்' என்றே சொல்வதில்லை. சிலருக்கு அது நெடும்பிரிவின் சொல்லாகப் படும். அன்றாடப் பிரிவுக்கு 'சாவ்' என்பர், அல்லது மீண்டும் பார்ப்போம் என்ற பொருளில் 'அஸ்தா லுவேகோ' என்பர். புவேர்த்தோ ரிக்கோ, தொமினிக்கக் குடியரசு, வெனிசுவேலா நாட்டவரின் இல்லங்களில் பிள்ளைகள் பெரியோரைப் பிரியும்போது 'பெந்திசியோன்', அதாவது 'ஆசீர்வாதம்' என்று கேட்பதும், இறைவன் உன்னை ஆசீர்வதிப்பாராக என்று பெரியோர் மறுமொழி சொல்வதும் வழக்கம். நெற்றியில் சிலுவை அடையாளம் பெற்று வீட்டை விட்டுப் புறப்படும் நம் பிள்ளைகளுக்கு இது புதுமையன்று. எனவே கருவியில் சொல்லை வைப்பவர் முதலில் அக்குடும்பத்தாரிடம், 'உங்கள் வாசற்படியில் நீங்கள் எப்படி விடைபெறுவீர்கள்?' என்று கேட்க வேண்டும். கருவியின் குரலும் ஸ்பானியக் குரலாய் இருக்க வேண்டும். ஆங்கிலக் குரல் ஸ்பானிய எழுத்துகளை வாசித்தால் எழும் ஒலியைத் தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் தாத்தா அறிந்துகொள்ளமாட்டார்.

'அக்குழந்தை பொருளுணர்ந்தா தொடுகிறது? வெறும் பழக்கமன்றோ?' என்று சிலர் வினவலாம். இவ்வினாவை நாம் ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் ஒரு வயதுக் குழந்தை கையசைத்து விடைகொடுக்கும்போது யாரும் அதனிடம் பொருள் கேட்பதில்லை. முதலில் கை அசைகிறது. பின்னர் அசைவுக்குள் பொருள் வந்து குடியேறுகிறது. மனிதர் எல்லாரும் சொல்லை அறிந்தபின் பேசியவர்களல்லர். பேசிப் பேசி அறிந்தவர்கள். பேசும் பிள்ளைக்கு நாம் தரும் இக்கடனைப் பேசாத பிள்ளைக்கு மட்டும் மறுப்பது நீதியாகாது.

ஆயினும் இங்கே ஓர் எல்லை உண்டு. குழந்தையின் விரலைப் பிடித்து இழுத்துக் கட்டத்தின்மேல் அழுத்தினால் ஒலி எழும், விருந்தினரும் மகிழ்வர். அச்சொல் யாருடையது? அழுத்தியவருடையது. நல்ல பயிற்சியாளர்கள் வேறு வழியைக் கையாள்கின்றனர். ஒவ்வொரு பிரிவின்போதும், பள்ளிப் பேருந்து புறப்படும்போதும், அத்தை வீடு திரும்பும்போதும், அதே கட்டத்தைத் தாமே தொட்டுக் காட்டி வாயாலும் சொல்கின்றனர். கட்டத்தின் இடத்தை மாற்றுவதில்லை. கை வழியைப் பழகிக்கொள்கிறது. பின்னர் காத்திருக்கின்றனர். பத்து எண்ணும் அளவேனும் வாய்மூடிக் காத்திருக்கின்றனர். குழந்தை தொட்டால் உண்மையான விடையாகவே அதை ஏற்றுப் புறப்படுகின்றனர். தொடாவிட்டால் வற்புறுத்துவதில்லை. விடைதர விரும்பாத உள்ளமும் உள்ளமே. சுதந்திரத்தில் பிறவாத வாழ்த்து வாழ்த்தாகாது என்பதை இறையியல் கற்காதோரும் அறிவர்.

லூக்கா நற்செய்தியின் தொடக்கத்தில் வரும் செக்கரியாவை இங்கே நினைவுகூர்வோம். அவர் பேச்சிழந்திருந்த வேளையில், அவர் மகனுக்குச் சுற்றத்தார் தாமே ஒரு பெயரைத் தீர்மானித்துவிட்டனர். பின்னர் அவரிடம் சைகையால் கேட்டபோது, அவர் எழுதுபலகை ஒன்றைக் கேட்டு வாங்கினார். அதில் அவர் எழுதியது தமக்கு வேண்டிய உணவையோ நீரையோ பற்றியதன்று. சுற்றத்தார் எதிர்பாராத பெயரை எழுதினார், எல்லாரும் வியந்தனர். பேசாதவன் கையில் பலகையைக் கொடுத்தால், நாம் எதிர்பாராததை அவன் சொல்வதற்கும் நாம் ஆயத்தமாயிருக்க வேண்டும்.

பிரிவு எல்லாருக்கும் வருவது. ஆனால் இப்பிள்ளைகளின் வாழ்வில் அது அடிக்கடி வருகிறது. பயிற்சியாளர்கள் மாறுகின்றனர், பராமரித்தவர் வேறு வேலைக்குச் செல்கிறார், தாத்தா ஒருநாள் மருத்துவமனைக்குப் போய்த் திரும்புவதில்லை. விடைபெறும் சொல் இல்லாத பிள்ளைக்கு இவையெல்லாம் பிரிவுகளாக அல்ல, காணாமற்போதல்களாகவே இருக்கும். இறக்கும் தறுவாயில் இருப்போரின் படுக்கையருகே நிற்பது நம் பணிகளுள் ஒன்று. அங்கே பிள்ளைகள் நெஞ்சில் சுமந்து செல்லும் பெருந்துயர், சொல்ல முடியாமற்போன ஒரு சொல்லே என்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். அச்சொல்லை அந்த இறுதி நாளில் கற்பிக்க இயலாது. ஆயிரம் சாதாரண நாள்களில், பேருந்துக்கும் பொம்மைக்கும் சொல்லிப் பழகியிருந்தாலன்றோ அது அன்று கைக்கு வரும்?

அத்தகைய பிள்ளை ஒன்று நம் உறவிலோ அண்டையிலோ இருக்குமாயின், அதைப் பிரியும்போது அதன் தாயிடம் மட்டும் சொல்லிக்கொண்டு புறப்பட வேண்டாம். பிள்ளையின் முன் நின்று, கண்ணுக்குக் கண் பார்த்து, விடைபெற்றுக் காத்திருப்போம். ஸ்பானிய மொழி பேசும் இல்லத்துக் குழந்தை 'அதியோஸ்' என்ற கட்டத்தைத் தொடும்போது நிகழ்வது யாது? உண்ணவும் உடுக்கவும் பிறரை நம்பியிருக்கும் ஒருவன், நாள்தோறும் பிறருடைய செபத்திற்குப் பொருளாகும் ஒருவன், வாசலில் நிற்கும் நம்மை இறைவனிடம் ஒப்படைக்கிறான். பெறுபவனாகவே நாம் கருதியவன் நமக்குக் கொடுக்கிறான். அதைப் பெற்றுக்கொள்ளப் பத்து எண்ணும் நேரம் நாம் நிற்கலாகாதா?