தற்செயல் என்பது யாது?

ஹிஞ்சேவாடியில் தொழில் புரியும் சகோதர சகோதரிகளே!

நல்ல புகைப்படம் திறமையால் அமைவதா, தற்செயலால் அமைவதா என்று இளைஞர் சிலர் நம்மை வினவினர். உலகறிந்த படமொன்றைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

இவ்வூருக்கு அண்மையிலுள்ள பூனா நகரில், 1946ஆம் ஆண்டில், 'லைஃப்' இதழைச் சார்ந்த மார்கரெட் போர்க்-வைட் அம்மையார் காந்தியடிகளைப் படமெடுக்க வந்தார். முதலில் இராட்டையில் நூற்கக் கற்குமாறு பணித்தனர், கற்றார். அன்று அடிகளுக்கு மௌன நாள். மூன்று பிளாஷ் பல்புகளுக்கு மட்டுமே அனுமதி கிடைத்தது. முதலிரண்டும் வீணாயின. மூன்றாவது பலித்தது. இராட்டையருகே அடிகள் அமர்ந்து படிக்கும் அப்படம், 1948இல் அவர் மறைந்தபின் உலகெங்கும் புகழ் பெற்றது.

மூன்றாவது பல்பு பலித்தது அதிர்ஷ்டம் என்பர் சிலர். நாம் ஆலையில் உழைத்த காலத்தில், நூலறுந்தால் தற்செயல் என்று கூறித் தப்ப இயலாது. காற்றில் ஈரம் குறைந்ததோ, முறுக்குத் தளர்ந்ததோ, பஞ்சு தாழ்ந்ததோ என்று தேடுவோம். காரணம் இருந்தே தீரும். காணப்படாத காரணத்திற்கு நாம் இட்ட பெயரே தற்செயல் என்பது. எல்லாம் சார்பினால் தோன்றுவன என்னும் தம்மமும் இதுவேயாம்.

ஆயின், எல்லாம் நம் முயற்சியே என்று செருக்குறலாமோ? ஆகாது. நம் நாட்டின் முதற் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா அம்மையார். 1948 ஜனவரி 30 அன்று அடிகளின் பிரார்த்தனைக் கூட்டத்திற்குப் புறப்பட்டவரைக் கணவர் திரும்ப அழைத்தார். மறுநாள் இருவரும் சேர்ந்து செல்வதாக ஏற்பாடு. அன்று மாலையே அடிகள் சுடப்பட்டார். அம்மையாரிடம் திறமை குறைந்ததோ? இல்லை. காரணங்கள் கூடவில்லை, அவ்வளவே.

அன்பர்களே! இவ்வூர்க் கம்பெனிகளில் வேலை கிடைத்தவர் தம் அறிவொன்றே காரணமென்று இறுமாக்கின்றனர். வேலை இழந்தவரோ தலைவிதியென்று மூலையில் அமர்கின்றனர். இரண்டும் மயக்கமே. காரணங்கள் பல, அவற்றுள் நம் கையிலுள்ளது ஒன்று. அவ்வொன்றைக் குறைவறச் செய்வதே நம் கடன். இரு பல்புகள் வீணாயினும் மூன்றாவதைக் கருவியிற் பொருத்துங்கள். அதுவும் பலியாதாயின் உங்களை நீங்களே பழியாதீர்கள். பலிக்காத அயலாரையும் இகழாதீர்கள்.

சர்வ மங்களம் உண்டாகுக!