மறைத்தலும் அருள்தானா?

முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் நிலவியல் நடத்தினேன். அதற்கு முன்பே பாட்டி எனக்கு ஐந்தொழில் சொல்லித் தந்திருந்தாள்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். நான்காவது மட்டும் பிடிபடவே இல்லை. இறைவன் எதற்காக மறைக்க வேண்டும்?

பாலித் தீவில் பாத்தூர் எரிமலையைப் பார்க்க நின்றபோது அந்தக் கேள்வி திரும்பி வந்தது. நான் நின்றது எரிமலை வாயின் ஓரத்தில் அல்ல. சுமார் 29,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய மலை அமிழ்ந்து உண்டான பள்ளத்தின் விளிம்பில். ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளம். கொப்பரை என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லால் அதைக் கால்டெரா என்கிறோம். மலை வெடித்துச் சிதறிய குழி என்று மாணவர்கள் எழுதுவார்கள். உள்ளே சரிந்த குழி என்று திருத்துவேன்.

பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குழம்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தேங்கிக் கிடக்கிறது. பெரும்பகுதி, கற்கண்டு விளையும் பாகுபோல, படிகமும் திரவமும் கலந்தது. படிகங்கள் பிரியப் பிரிய, நீராவியும் வாயுவும் கரைந்த இலேசான குழம்பு மேலே சேர்கிறது. தரைமேல் காடு பச்சையாகவே இருக்கும். ஒருநாள் குழம்பின் மேலிருக்கும் பாறைக் கூரை விரிசல் விடுகிறது. அழுத்தம் குறைந்ததும் வாயு நுரைத்து, குழம்பைச் சாம்பலாக வீசுகிறது. தாங்கிய குழம்பு வெளியேறவே, கூரை வட்டமாகப் பிளந்து இறங்குகிறது. இறங்கும்போது மீதிக் குழம்பையும் பிதுக்குகிறது. நாள்கணக்கில் முடிகிற அழிவுக்குப் பின்னால் யுகக்கணக்கான மறைவு இருக்கிறது.

இன்றைய பாத்தூர், அந்தப் பள்ளத்துக்குள் பின்னால் எழுந்த மலை. 1917-இல் அதன் எரிகுழம்பு, அதே பெயர் கொண்ட ஊரின் கோயில் வாசலில் நின்றது. நல்ல சகுனம் என்றார்கள். 1926-இல் நிற்கவில்லை, ஊர் புதைந்தது. குழம்பை நிறுத்துவதுதான் அருள் என்றால், ஒன்பதே ஆண்டில் அது தீர்ந்துவிட்டதா?

ஊரார் ஏரித்தேவி தனுவைக் கைவிடவில்லை. பழைய சரிவின் விளிம்பிலேயே கோயிலை மறுபடி கட்டி, மேரு எனும் பதினோரு அடுக்குக் கோபுரம் எழுப்பினார்கள். பள்ளத்தில் நிறைந்த ஏரியே தங்கள் ஊற்றுகளுக்குத் தாய் என்று நம்பும் உழவர்கள், சுபாக் எனும் பாசனக் குழுக்களாக அங்கே படையல் கொண்டு வருகிறார்கள். சரிவு இல்லையேல் இந்த ஏரி இல்லை. அதற்காக அழிவை நல்லது என்று சொல்ல மாட்டேன். வீட்டை இழந்தவர் முன் அப்படிப் பேசுவது பாவம்.

மறைத்தலும் அருளே என்கிறது சைவ சித்தாந்தம். உயிர் பக்குவப்படும் வரைக்குமான மறைப்பு அது. மண்ணுக்குள் இருப்பதும் அடியோடு மறைவதில்லை. தரை வீங்குகிறது, நடுங்குகிறது, வாயு கசிகிறது. அந்தக் குறிகளைப் படிக்கும் பக்குவம் நம் பொறுப்பு. காப்பாற்று என்று கேட்பதோடு வழிபாடு முடிந்துவிடாது. கவனிக்கவும் வேண்டும், வேளை வந்தால் எழுந்து நடக்கவும் வேண்டும். தேவியைச் சுமந்துகொண்டு மேட்டுக்கு ஏறிய பாத்தூர் மக்கள் அதைத்தான் செய்தார்கள்.