ஓர் ஆவணமும் அதன் இரு உருவங்களும்

ஒரு நூல் எங்கே இருக்கிறது என்னும் கேள்வி எளியதாகத் தோன்றினும், மெய்யியலாளர் அதற்கு ஒருமித்த விடை கண்டதில்லை. தாளிலும் மையிலும் இருக்கிறது என்றால், அத்தாள் எரிந்த பின்னும் அதே நூல் வேறு படிகளில் வாழ்வது எப்படி என்று விளக்க வேண்டும். ஆசிரியரின் எண்ணத்தில் இருக்கிறது என்றால், அவர் மறைந்த பின் அது எதைப் பற்றி நிற்கிறது என்று விளக்க வேண்டும். பார்வையற்றோர் கையாளும் பிரெயில் குறிப்புக் கருவியில் ஓர் ஆவணத்தை வடிவமைத்து அச்சிடும் வேலை, இப்பழைய கேள்வியை அன்றாடச் செயலாக்கி விடுகிறது. ஒரே ஆவணம் விரலுக்கு ஓர் உருவத்திலும் கண்ணுக்கு வேறோர் உருவத்திலும் வெளிப்படுகையில் எது மாறலாம், எது மாறக்கூடாது என்பதை அங்கே எழுதுபவரே ஒவ்வொரு பக்கத்துக்கும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

பிரெயில் என்பது இரண்டு நெடுவரிசைகளில் மும்மூன்றாக நிற்கும் ஆறு புள்ளி இடங்களைக் கொண்ட கட்டங்களால் எழுதும் முறை. அவ்விடங்களுள் எவை மேடிடுகின்றன என்பதைப் பொறுத்து 63 குறிகள் பிறக்கின்றன, எதுவும் மேடிடாத கட்டம் சொற்களுக்கு இடையிலான வெளியாகிறது. குறிப்புக் கருவியோ, இந்த ஆறு புள்ளிகளுக்கு ஆறு விசைகளையும் இடைவெளிக்கு ஒரு விசையையும் கொண்ட ஒரு சிறு கணினி. அமெரிக்கரான டீன் பிளேசி 1987-இல் வெளியிட்ட ‘பிரெயில் அன் ஸ்பீக்’ எழுதியதைக் குரலால் திருப்பிச் சொன்னது; பின்னர் நியூசிலாந்திலிருந்து வந்த ‘பிரெயில்நோட்’ முதலியன, மின்னழுத்தத்தால் வளையும் படிகப் பட்டைகள் ஏற்றி இறக்கும் ஊசிமுனைகளால் எழுத்துகளை விரலடியில் எழுப்பிக் காட்டின. அப்படி எழுந்து நிற்பது ஒரே ஒரு வரி. அதன் நீளம் 18 கட்டங்களாகவோ 32 கட்டங்களாகவோ இருக்கும். ஆகவே இக்கருவியில் எழுதுபவருக்கு ஒரு பக்கம் முழுதாக ஒரு நொடியிலும் கிடைப்பதில்லை. எத்தனையாவது பக்கத்தில், எத்தனையாவது வரியில், இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தொலைவில் எழுத்து நிற்கிறது என்பதை அவர் கருவியிடம் கேட்டறிந்து, பக்கத்தைத் தம் அறிவுக்குள்ளேயே கட்டி எழுப்புகிறார்.

அச்சிடும் வேளையில் வழி இரண்டாகப் பிரிகிறது. மை அச்சுப்பொறிக்குத் தாளின் அளவு, நான்கு பக்க ஓரங்கள், வரிகளுக்கு இடையிலான வெளி ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். எம்பாசர் எனப்படும் புள்ளி அச்சுப்பொறிக்கு வரிக்கு எத்தனை கட்டங்கள், பக்கத்துக்கு எத்தனை வரிகள் என்பதைச் சொல்ல வேண்டும். தடித்த தாளில் வரிக்கு 40 கட்டங்களும் பக்கத்துக்கு 25 வரிகளும் பரவலாக வழங்கும் அளவு என்பதால், மை அச்சில் ஒரு பக்கத்தில் அடங்குவது பிரெயிலில் இரண்டு மூன்று பக்கங்களாக விரியும். இங்கே கருவி ஒரு மொழிபெயர்ப்பாளரின் வேலையையும் செய்கிறது: ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டங்களையும் முழுச் சொற்களையும் ஓரிரு கட்டங்களில் அடக்கும் சுருக்க முறை வழக்கில் இருப்பதால், அச்சுருக்கங்களை மை அச்சுக்கு விரித்தும், வெளியிலிருந்து வரும் கோப்புகளை விரலுக்குச் சுருக்கியும் அது தருகிறது.

இவ்வாறு உருமாறும்போது எஞ்சி நிற்பது எது என்று பார்த்தால், நூலின் மெய்யுரு எது என்பதற்கும் ஒரு வழி புலப்படும். மையில் சாய்ந்த எழுத்தால் காட்டும் அழுத்தத்தைப் பிரெயிலில் சாய்த்துக் காட்ட இயலாது. சொல்லுக்கு முன்னே ஒரு குறி நின்று அவ்வேலையைச் செய்கிறது. பத்தியின் தொடக்கத்தை மூன்றாம் கட்டத்திலிருந்து எழுதுவதன் மூலம் பிரெயில் உணர்த்துகிறது. மை அச்சு அதையே ஒரு வெற்று வரியால் உணர்த்தலாம். செய்யுளில் இது இன்னும் கூர்மையாகிறது. ஓர் அடி பிரெயில் வரியின் நீளத்தை மீறினால் எஞ்சிய பகுதி அடுத்த வரிக்குப் போகிறது. ஆயினும் அடிகள் முதற் கட்டத்திலும் அவற்றின் மிச்சப் பகுதிகள் மூன்றாம் கட்டத்திலும் தொடங்க வேண்டும் என்னும் மரபு இருப்பதால், எது புதிய அடி, எது பழைய அடியின் நீட்சி என்பதில் விரலுக்கு ஐயம் எழுவதில்லை. தாளில் வரி உடைந்த பின்னும் யாப்பில் அடி உடையாமல் காக்கப்படுவதற்கு இந்த இரண்டு கட்ட வெளியே போதுமானதாக இருக்கிறது.

எழுத்தளவிலும் இதே நிலைதான். 1951-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட பாரதி பிரெயில் முறையில் ‘கொ’ என்பதை எழுதுகையில் ககரத்தை அடுத்து ஒகரத்தின் குறி வருகிறது; மை எழுத்தில் மெய்க்கு இருபுறமும் பிரிந்து நிற்கும் கொம்பும் காலும் அங்கே இல்லை. மெய்யெழுத்தின் தலைமேல் அமரும் புள்ளி, பிரெயிலில் அவ்வெழுத்துக்கு முன்னே தனிக் கட்டமாக வருகிறது. இடம் மாறியும் எழுத்து மாறவில்லை என்பதால், உறுப்புகள் எங்கே கிடக்கின்றன என்பதைக் காட்டிலும் எது எதனோடு சேர்கிறது என்னும் உறவே எழுத்தை எழுத்தாக்குகிறது எனக் கொள்ளலாம்.

அமெரிக்க மெய்யியலாளர் நெல்சன் குட்மன் 1968-இல் வெளியிட்ட ‘கலையின் மொழிகள்’ என்னும் நூலில் படைப்புகளை இருவகையாகப் பிரித்தார். ஓவியத்தைப் போல, ஆக்கியவரின் கைபட்ட அந்த ஒரு பொருளே மூலமாக இருப்பது ஒரு வகை. கவிதையைப் போல, எழுத்து மாறாமல் படியெடுத்த எந்தப் படியும் மூலத்துக்கு ஈடாக நிற்பது மற்றொரு வகை. இரண்டாம் வகைக்கு எழுத்தொருமையே போதும், மற்றவை தற்செயலானவை என்பது அவர் கொள்கையின் சாரம். பிரெயில் நூலும் மை நூலும் ஒன்றே என்று நிறுவ இது பெரிதும் உதவுகிறது. ஆனால் வடிவமைப்பு முழுவதையும் தற்செயல் என்று ஒதுக்கும் அளவுக்கு இக்கொள்கையைக் கொண்டு செல்வது தவறு. அருள்நந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதன் முதலிய பிற சமயத்தார் கூற்றுகள் முதலில் நிறுத்தப்பட்டு, பின்னரே மறுக்கப்படுகின்றன. அச்சுப் பதிப்புகள் தலைப்பிட்டுப் பிரித்துக் காட்டும் அந்த எல்லைகளை நீக்கி, எல்லாவற்றையும் இடைவெளியின்றி ஒரே ஓட்டமாக அச்சிட்டால், எழுத்து ஒன்றுகூட மாறாத நிலையிலும், கடவுளை மறுப்பவரின் வாதத்தைச் சைவ ஆசிரியரின் துணிபாகவே புதிய வாசகர் எடுத்துக்கொள்ளக் கூடும். யார் பேசுகிறார், எது எதற்கு விடை, எது மேற்கோள், எது முடிபு என்பவற்றைச் சுமக்கும் வடிவமைப்பு நூலின் பகுதியே. எழுத்தின் அழகு, ஓரத்தின் அகலம் முதலியன அதன் ஆடையைச் சேர்ந்தவை. பார்வையுள்ளோரின் கணினித் திரையில் இவ்விரண்டும் ஒரே காட்சியாகக் கலந்து விடுவதால் பிரித்தறிவது அரிது. குறிப்புக் கருவியில் எழுதுபவரோ, ‘இது தலைப்பு’ என்று சொல்வதையும் ‘இது தடித்துத் தெரியட்டும்’ என்று சொல்வதையும் வெவ்வேறு கட்டளைகளாக இட வேண்டியிருப்பதால் அவ்வேறுபாட்டை நன்கறிவார்.

வடமொழி இலக்கண மெய்யியலாளர் பர்த்ருஹரியின் சிந்தனை இவ்விடத்தில் குட்மனைவிட ஆழமாகச் செல்கிறது. ஏறத்தாழ 5-ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் அவர், ‘வாக்கியபதீயம்’ என்னும் நூலில் ஸ்போடம் என்ற கருத்தை விரித்துரைத்தார். காதில் ஒன்றன்பின் ஒன்றாக விழும் ஒலிகள், தம்முள் முன்பின் என்னும் வரிசையே இல்லாத ஒரு முழுமையை அறிவில் விளங்கச் செய்கின்றன, அம்முழுமையே ஸ்போடம் என்பது அதன் பொருள். ஒலி மறைகிறது, பொருள் முழுதாக எழுகிறது. முப்பத்திரண்டு கட்டங்கள் எழுந்து அமிழ, அடுத்த முப்பத்திரண்டு எழும் வரியில் ஒரு கட்டுரையைப் படிப்பவருக்கு நேர்வதும் இதுவே: அவருக்குப் பக்கம் காலத்தில் விரிகிறது, அறிவில் ஒன்றாகிறது. பார்வையுள்ளவரும் ஒரு பக்கத்தை ஒரே பார்வையில் படித்துவிடுவதில்லை; தாள் ஒருசேரத் தெரிவதால், பொருளும் ஒருசேர அகப்பட்டதாக அவர் எண்ணிக்கொள்கிறார்.

கண்ணுக்கும் விரலுக்கும் இடையே எழுத்தைக் கொண்டு செல்லும் முயற்சி கணினிக்கு மிக முற்பட்டது. பாரிசில் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கிய வலன்டீன் ஹாய், கண்ணால் படிக்கும் ரோமன் எழுத்துகளையே மேடாக அச்சிட்டு விரலுக்குத் தந்தார். அவர் நோக்கம் உயர்ந்தது, ஆயினும் விரல் எப்படி அறிகிறது என்பதைக் கேளாமல் கண்ணின் வழக்கை விரல்மேல் ஏற்றிய பிழை அதில் இருந்தது. அப்பள்ளியின் மாணவரான லூயி பிரெயில் 1829-இல் தம் புள்ளி முறையை வெளியிட்டபோது, சொற்களுக்கும் இசைக்கும் மட்டுமன்றி, திருச்சபை வழிபாட்டில் பாடப்படும் எளிய பண்களுக்கும் அது உரியது என்று நூலின் தலைப்பிலேயே குறித்தார். அவர் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தவர். புள்ளி முறையை வெளியிட்டதோடு அவர் நிற்கவில்லை. பார்வையற்றவர் எழுதுவதைப் பார்வையுள்ளவரும் நேரே படிக்க வேண்டும் என்று கருதி, ரோமன் எழுத்துகளின் உருவத்தையே புள்ளிகளால் தாளில் வரையும் மற்றொரு முறையை 1839-இல் வெளியிட்டார். பார்வையற்ற பியேர் ஃபூக்கோ அதற்கென ஓர் இயந்திரத்தையும் அமைத்தார். குறிப்புக் கருவி மை அச்சுப்பொறியோடு இணையும்போது செய்வது, லூயி பிரெயில் அன்று செய்ய முயன்ற அதே செயலே.

நூலின் மெய்யுரு எது என்னும் கேள்வியைச் சமயங்கள் மெய்யியலாளரைவிடக் கண்டிப்புடன் எதிர்கொண்டன. யூத மரபில் தோரா என்னும் திருநூலைச் சபையில் ஓதுபவர், தோல் சுருளில் மையால் எழுதப்பட்டதைப் பார்த்தே ஓத வேண்டும்; மனப்பாடமாக ஓதுதல் கூடாது. 16-ஆம் நூற்றாண்டில் யோசேப்பு காரோ தொகுத்த சட்டநூல் இதன் அடிப்படையில் பார்வையற்றவர் ஓதலாகாது என்கிறது. அதற்குக் குறிப்பு எழுதிய மோசே இசர்லஸ், அவரையும் ஓதுவதற்கு அழைக்கலாம் என்னும் முந்தைய அறிஞர் ஒருவரின் கருத்தை எடுத்துக்காட்டுகிறார். இசுலாமிய அறிஞரிடையே, திருக்குர்ஆனின் எழுத்துப்படியைத் தொடுவதற்கு உரிய தூய்மை விதிகள் பிரெயில் படிக்கும் பொருந்துமா என்னும் விவாதம் நிகழ்ந்திருக்கிறது. வெளித்தோற்றத்தில் இவை நுண்ணிய சடங்குச் சிக்கல்கள். உள்ளே இருப்பது, புனிதம் உருவத்தில் தங்குகிறதா, சொல்லில் தங்குகிறதா என்னும் பெரிய வினா. வேதத்தையும் தேவாரத்தையும் நாவிலும் செவியிலும் காத்த மரபினர்க்கு, எழுத்தின் உருவம் அத்தனை இன்றியமையாததாக இருந்ததில்லை. பனையோலையில் எழுதியோர் செய்யுளை அடி பிரிக்காமலும், ஓலை கிழியாதிருக்க மெய்ப்புள்ளி இடாமலும் தொடர்ந்து எழுதிச் சென்றனர். அடி பிரித்துச் சொல் பிரித்து இன்றைய பக்கத்தை ஆக்கித் தந்தவர்கள் ஆறுமுக நாவலர், சி.வை. தாமோதரம் பிள்ளை, உ.வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்களே. தமிழ்ப் பக்கம் இப்போதுள்ள உருவத்தில் தொன்மையானதன்று என்பதை இது உணர்த்துவதால், அதற்கு விரலுக்கேற்ற மற்றோர் உருவம் அமைவதில் மரபுக்கு முரணானது எதுவும் இல்லை.

தாம் காணாத மைப் பக்கத்தை ஒருவர் எப்படி அறிந்து வடிவமைக்க இயலும் என்று சிலர் ஐயுறலாம். குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்த நிக்கலஸ் சாண்டர்சன் 1711-இல் கேம்பிரிட்ஜில் கணிதப் பேராசிரியராகி ஒளியியலையே கற்பித்தார். 1749-இல் தம் ‘பார்வையற்றோர் பற்றிய மடல்’ நூலில் பிரெஞ்சு மெய்யியலாளர் திதரோ அவரை ஒரு பாத்திரமாக்கியதும் இவ்வியப்பினால்தான். உறவுகளை அறிதல் ஒரு புலனுக்கு மட்டும் உரிய உடைமையாக இருந்திருந்தால் சாண்டர்சனின் வகுப்பறை சாத்தியமாகியிருக்காது. தலைப்பை நடுவில் நிறுத்தி, ஓரங்களை அளந்து, தமக்கு எந்தப் பயனும் தராத வெற்றிடங்களைப் பார்வையுள்ள வாசகருக்கென அளந்து விட்டுவைக்கும் எழுத்தாளர், பிறர் அறியும் வழியை மதித்து அதற்குத் தம் உழைப்பைக் கொடுக்கிறார். அறவியலில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. பிறரைத் தம்மைப் போலவே எண்ணி உதவுவது ஒரு நிலை. பிறர் தம்மிலிருந்து வேறுபட்டவர் என்பதை ஏற்று, அவ்வேறுபாட்டுக்கு இசைய உதவுவது அதனினும் கடினமான, மேலான நிலை.

பார்வையற்ற எழுத்தாளர் இவ்வாறு ஆற்றும் கடனுக்குப் பார்வையுள்ளோரின் எதிர்க்கடன் பெரும்பாலும் செலுத்தப்படவில்லை. தமிழ்ச் சமய நூல்களும் மெய்யியல் நூல்களும் இன்றும் பல இடங்களில் வெறும் பட நகல்களாகவோ, ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் அமைந்த கோப்புகளாகவோ கிடக்கின்றன; முதல் வகையில் பிரெயில் கருவிக்கு எழுத்தே கிடைப்பதில்லை, இரண்டாம் வகையில் பொருளற்ற குறிகளே கிடைக்கின்றன. ஒருங்குறியில் இருப்பவற்றிலும் தலைப்பு, மூலம், உரை என்னும் பிரிவுகள் எழுத்தின் பருமனால் மட்டும் காட்டப்படுவதால், விரலுக்கு வரும்போது மூலச் செய்யுளும் உரையும் ஒன்றாகக் குழம்பி விடுகின்றன. சட்டம் இதற்குத் தடையாக இல்லை: அச்சு நூல்களைப் படிக்க இயலாதோர்க்குப் படியாக்கம் செய்ய இடந்தரும் 2013-ஆம் ஆண்டின் மராக்கேஷ் ஒப்பந்தத்தை உலகில் முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. ஆதலால் மடங்களும் பல்கலைக்கழகங்களும் பதிப்பகங்களும் இனி வெளியிடும் ஒவ்வொரு நூலின் கோப்பையும் ஒருங்குறியில், தலைப்பும் மூலமும் உரையும் கருவி அறியும்படி குறிக்கப்பட்ட நிலையில், பார்வையற்ற வாசகர் கேட்பதற்கு முன்பே ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும்.