புதையல் கண்டவன் பேரம் பேசவில்லை



பொதுக்காலம் 17ஆம் ஞாயிறாகிய இன்று, மத்தேயு 13ஆம் அதிகாரத்தின் புதையலையும் முத்தையும் கேட்டோம். இந்த வாசகம் வந்தாலே எனக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு ஞாபகம் வந்துவிடும். வரிசையாகப் பழஞ்சாமான் கடைகள். எதுவும் வாங்கும் எண்ணமில்லாமல் நுழைந்தவர்கூட மத்தியானச் சாப்பாட்டை மறந்து நிற்பார். ரவி வர்மா அச்சுப்படம், பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி. தூசி படிந்த எனாமல் தூக்குவாளியைத் திருப்பினால் அடியில் சுவீடன் நாட்டு முத்திரை. பித்தளை அண்டாவின் கழுத்தில் யாரோ ஓர் ஆச்சியின் பெயரெழுத்து.

இவை தெருவுக்கு வந்த கதை துயரமானது. நகரத்தார் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்து கட்டிய வீடுகளில் இருந்தவை இவை. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் அந்தத் தொழில் நிலைகுலைந்தது. வீட்டுக்குப் பங்காளிகள் பெருகினார்கள், பராமரிக்கக் கைப்பணம் இல்லை. பல வீடுகளை இடித்தே பாகம் பிரித்தார்கள். நிலையும் கதவும் கடைக்கு வந்தன.

இயேசு சொன்ன ஆளைப் பாருங்கள். நிலத்தில் புதையலைக் கண்டதும் திரும்ப மூடி வைக்கிறான்! பழஞ்சாமான் பிரியர்களுக்கு இது உடனே விளங்கும். ஆசைப்பட்ட பொருளைக் கண்டுகொள்ளாத மாதிரி, பக்கத்திலிருக்கும் ஓட்டைக் கூஜாவுக்கு விலை கேட்போம். முகம் மலர்ந்தால் விலை ஏறிவிடுமே. (சாமியாரும் இப்படிச் செய்வாரா என்று கேட்காதீர்கள்.)

அதுவரை அவனும் நம்மைப் போலத்தான். பிறகு நாம் நூறு ரூபாய் குறைக்கப் பார்க்கிறோம், அவன் அந்த நிலத்தை வாங்கத் தனக்குள்ள எல்லாவற்றையும் விற்கிறான். அதுவும் மகிழ்ச்சியோடு. நாமோ தவக்காலத்தில் கறியை விட்டாலே முகம் வாடி, அதை ஊருக்கெல்லாம் சொல்கிறோம். கடவுளுக்குக் கொடுப்பது நமக்குச் சுமையாக இருந்தால், கொடுக்கும் மனம் இல்லை என்று உங்களைத் திட்டமாட்டேன். புதையல் இன்னும் நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அதைக் காணப் பொறுமை வேண்டும். கடையில் தூசிக்கும் களிம்புக்கும் அடியில் தேடுகிற அதே பொறுமை.

இந்த உவமைகளுக்குப் பிறகு இயேசு ஒரு வீட்டு உரிமையாளரைக் காட்டுகிறார். தன் கருவூலத்திலிருந்து புதியதையும் பழையதையும் வெளியே எடுப்பவர் அவர். நாம் என்ன செய்கிறோம்? அம்மாச்சியின் செபப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு, யார் வீட்டு அண்டாவையோ ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி வரவேற்பறையில் வைக்கிறோம்.

இந்த வாரம் உங்கள் வீட்டுப் பரணில் ஏறுங்கள். பாத்திரத்தில் வெட்டிய பெயர் யாருடையது, அவர் எப்படிச் செபிப்பார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். மந்திரித்த சுரூபம் உடைந்து கிடந்தால் குப்பையில் போடாமல் கோயிலுக்குக் கொண்டுவாருங்கள், பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது எழுந்து நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.